மாசம் முடியறதுக்குள்ள மீட்டர் சைபர்: வீட்டுச் செலவை எங்கேருந்து குறைக்க?

கருவேப்பிலை (ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் முதல் தடவை எழுதறேன்.

அவர் வேலை பார்க்கிற ஃபேக்டரியில போன மாசத்துலேர்ந்து வாரத்துக்கு மூணு நாள்தான் ஷிஃப்ட். வீட்டுல நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு, அத்தை. நேத்து ராத்திரி அடுப்புல சோறு பாதி வேகும்போது கரண்ட் போச்சு. 2023 முழுக்க லோட் ஷெட்டிங்ல பழகின கண்ணு, அதுதான் திரும்ப வந்துடுச்சுன்னு நினைச்சேன். ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுல விளக்கு எரியுது. எங்க ப்ரீபெய்ட் மீட்டர்தான் சைபர், முன்கூட்டிப் போட்ட காசு தீர்ந்து போச்சு. போன்ல 50 ரேண்டுக்கு கரண்ட் வாங்கி, பெரியவன் டார்ச் பிடிச்சு, மீட்டர்ல போட வேண்டிய 20 இலக்கத்தையும் ஒவ்வொண்ணாச் சொல்ல, நான் அழுத்தினேன். அந்த 50 ரேண்ட் இன்னைக்குச் சாயங்காலம் தீர்ந்து போச்சு. ஒரே நாள்!

நான் இதுவரைக்கும் செஞ்சது: ஆள் இல்லாத ரூம்ல லைட்டை அணைக்கிறேன். கோழி வாரம் ஒரு தடவைங்கிறதை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக்கினேன். பிள்ளைங்களுக்குத் தயிர் வாங்கறதை நிறுத்திட்டேன். சின்னவ சோத்தைப் பிசைஞ்சிட்டு தயிர் எங்கேம்மான்னு கேக்கும்போது தாங்க முடியலை. இவ்வளவு செஞ்சும் மாசத்துக்கு 200 ரேண்ட் மிச்சமானா பெரிசு. நான் எங்கேயோ தப்பான இடத்துல பிடிச்சிட்டிருக்கேன்னு தோணுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

மின்கம்பி (சாட்ஸ்வொர்த்)

தங்கச்சி, நான் 22 வருஷமா வயரிங் வேலை பார்க்கிறவன். நீங்க பிடிச்ச இடம் தப்புதான். முதல்ல தயிரைத் திரும்ப வாங்குங்க, கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

லைட்டை எடுத்துக்குங்க. இப்போ வர்ற எல்ஈடி பல்பு 9 வாட். ராத்திரி பூரா பத்து மணி நேரம் எரிஞ்சாலும் 0.09 யூனிட். யூனிட் ஏறக்குறைய 3 ரேண்ட்னு வச்சா 27 சென்ட். அணைக்கிறது நல்ல பழக்கம்தான், ஆனா உங்க 50 ரேண்ட் அந்த வழியில போகலை.

அது போன வழி கீசர். 10 நிமிஷம் ஷவர்ல நிக்கிறோம். பழைய ஷவர் தலை நிமிஷத்துக்கு 15 லிட்டர் கொட்டும். மொத்தம் 150 லிட்டர். குழாயில 20 டிகிரியில வர்ற தண்ணியை 40 டிகிரிக்குக் கொண்டு வரணும்னா 3.5 யூனிட் பிடிக்கும். அது ஒரு ஆளுக்கு. உங்க வீட்டுல அஞ்சு பேரும் அப்படிக் குளிச்சா 17 யூனிட்டுக்கு மேல. 50 ரேண்டுக்கு உங்களுக்குக் கிடைச்சது 16 யூனிட் சொச்சம் இருக்கும். ஒரு நாள் கூட நிக்காததுக்கு வேற காரணம் தேட வேண்டாம்.

நம்ம வீட்டுல முன்னாடி எப்படிக் குளிச்சோம்? வாளியும் செம்பும். 20 லிட்டர் வாளி ஒண்ணை அதே சூட்டுக்குக் கொண்டு வர அரை யூனிட்டுக்கும் கம்மி. அஞ்சு பேருக்கு ரெண்டரை யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும். வாளி வேண்டாம்னா, நிமிஷத்துக்கு 8 லிட்டர் விடற ஷவர் தலையை மாட்டி, அஞ்சு நிமிஷத்துல வெளியே வாங்க. ஆளுக்கு ஒரு யூனிட்டுக்குள்ள நிக்கும். உங்க ஷவர் எவ்வளவு கொட்டுதுன்னு தெரிஞ்சுக்க, வாளியை அடியில வச்சு ஒரு நிமிஷம் திறந்து பார்த்தாலே போதும்.

அடுத்தது, கீசர் சும்மா நிக்கும்போதே சூட்டை இழக்குது. 150 லிட்டர் பழைய தொட்டியா இருந்தா, யாரும் ஒரு சொட்டுத் தண்ணி எடுக்காத நாள்லயும் ஏறத்தாழ ரெண்டுலேர்ந்து மூணு யூனிட் போகும். சீலிங் மேல ஏறிப் பாருங்க. தொட்டி மேல உறை ஒண்ணும் இல்லாம இருந்தா கீசர் போர்வை ஒண்ணு சுத்தணும். அதுலேர்ந்து வெளியே வர்ற சுடுதண்ணி பைப்புக்கும் ஸ்பாஞ்ச் உறை போடணும், முக்கியமா முதல் மூணு மீட்டருக்கு. கையால தொட்டுப் பார்த்துச் சூடா இருந்தா அங்கே பணம் ஆவியாகுதுன்னு அர்த்தம்.

தெர்மோஸ்டாட்டை 60ல வைக்கச் சொல்லுங்க. பல வீட்டுல நான் திறந்து பார்த்தா 70ல நிக்கும். ஆனா மிச்சம் பிடிக்கிறேன்னு 50, 45னு இறக்காதீங்க. அந்தச் சூட்டுல தொட்டிக்குள்ள கிருமி வளரும், வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு ஆகாது. இதை நீங்களே ஸ்க்ரூட்ரைவரை எடுத்துட்டுப் போய்ச் செய்யவும் கூடாது. மூடியைத் திறந்தா உள்ளே நேரா மெயின் கரண்ட். தெரிஞ்ச இலெக்ட்ரீஷியன் வந்தா கால் மணி நேர வேலை.

நாளைக்கு இதைச் செய்யுங்க: ராத்திரி படுக்கும்போது மீட்டர்ல என்ன எண்ணுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. காலையில யாரும் குளிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எல்லாரும் குளிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை. மூணு எண்ணையும் இங்கே போடுங்க.

---

லெனேசியா வாசி (ஜோஹன்னஸ்பர்க்)

அண்ணா, ஒரு சந்தேகம். கீசரை அணைத்து அணைத்துப் போட்டால் மறுபடி சூடாக்க அதிக மின்சாரம் இழுக்கும், அதனால் எப்போதும் போட்டே வைப்பதுதான் நல்லது என்று இங்கே பலர் சொல்கிறார்கள். உண்மையா?

---

மின்கம்பி

இல்லை தம்பி. தொட்டி எவ்வளவு சூடா இருக்கோ அவ்வளவு வேகமா வெளியே இழக்கும். அணைச்சு வச்சா மெல்ல ஆறும், ஆறினப்புறம் இழக்கறதும் குறையும். திரும்பப் போடும்போது இழுக்கறது, போட்டே வச்சிருந்தா இழுத்திருக்கிறதை விடக் குறைவுதான். ஆனா இதுல மிச்சமாகறது நான் சொன்ன அந்த ரெண்டு மூணு யூனிட்ல ஒரு பங்குதான். ஷவர்ல 10 நிமிஷம் நின்னுட்டு, கீசரை மதியம் அணைச்சு வச்சேன்னா பெரிசா ஒண்ணும் தெரியாது. தண்ணி அளவு முதல்ல, போர்வை ரெண்டாவது, டைமர் மூணாவது.

---

மடும்பித் தோட்டம் (டொங்காட்)

கருவேப்பிலை, கண்ணு, நான் உங்க அத்தை வயசுக்காரி. தயிரை நிறுத்தினேன்னு நீ எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு அங்கேயே நிக்குது. பால் வாங்கி வீட்டுலயே உறை ஊத்து. டர்பன் சூட்டுல ராத்திரி ஊத்தினா காலையில தோஞ்சிருக்கும். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு லிட்டர் தயிர். கடையில டப்பாவுக்கும் சேர்த்துல்ல விலை கொடுக்கறோம்.

நான் சொல்ல வந்தது பெட்டிச் சமையல். பருப்பும் பீன்ஸும்தான் நம்ம வீட்டுல கரண்டைத் தின்னும். சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரி காய்ஞ்ச பீன்ஸ்) வேக ஒன்றரை மணி நேரம் அடுப்புத் தட்டு எரியணும். என் அம்மா கரும்புத் தோட்டத்துல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, விடியற்காலை பானையைக் கொதிக்க வச்சு, பழைய கம்பளியில சுத்தி, வைக்கோல் திணிச்ச மரப்பெட்டியில இறக்கிட்டுப் போவாங்க. மத்தியானம் வந்து திறந்தா பீன்ஸ் விரல்ல நசுங்கும். இப்போ அதையே பையாத் தைச்சு வொண்டர்பேக்னு கடையில விக்கிறாங்க. 2008ல நம்ம நாட்டுலதான் அதைச் செய்ய ஆரம்பிச்சாங்க. வாங்க முடிஞ்சா வாங்கு. நான் வாங்கலை.

நான் செய்யற விதம் இது. பானையை விட நாலு விரல் பெரிய அட்டைப்பெட்டி. அடியில கசக்கின பேப்பர் ஒரு சாண் உயரத்துக்கு. அதுமேல பழைய போர்வையைக் குழி மாதிரி விரிக்கிறது. பீன்ஸை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி ஊத்தி அடுப்புல வை. கொதி வந்தப்புறம் இருபது நிமிஷம் நல்லாத் தளதளன்னு கொதிக்கணும். இதைச் சுருக்கக் கூடாது கண்ணு. சுகர் பீன்ஸ், சிவப்பு பீன்ஸ் எல்லாத்துலயும் வயித்தைக் கெடுக்கிற நச்சு ஒண்ணு இருக்கு, பத்து நிமிஷமாவது முழுக் கொதியில இருந்தாத்தான் அது சாகும். வெறும் சூட்டுல வச்சா வாந்திதான். இருபது நிமிஷம் ஆனதும் மூடியைத் திறக்காம அப்படியே குழியில இறக்கி, போர்வையை மடிச்சு மூடி, மேல ஒரு தலைகாணியை அமுக்கி வை. அஞ்சு மணி நேரம். நடுவுல திறந்து பார்த்தா போச்சு.

பானை முக்கால் நிறைஞ்சிருக்கணும். அரைப்பானைக்குச் சூடு நிக்காது. கறி வச்சா எடுத்த உடனே ஒரு தடவை கொதிக்க வச்சுத்தான் பரிமாறணும்.

வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி போட்டுத் தாளிக்கிறது கடைசியில அஞ்சு நிமிஷம். ஒன்றரை மணி நேரம் எரிஞ்ச தட்டு அதுல பாதி நேரம்கூட எரியாது.

---

லெனேசியா வாசி

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன், என் பங்குக்கு வரியைப் பற்றிச் சொல்கிறேன். 2018 ஏப்ரல் 1 முதல் வாட் (VAT, மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதம். ஆனால் அடிப்படை உணவு சிலவற்றுக்கு அந்த வரி பூஜ்யம்: பிரவுன் பிரெட், மீலி மாவு (மக்காச்சோள மாவு), சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), மீலி ரைஸ் (அதையே பொடியாக உடைத்தது), அரிசி, காய்ந்த பீன்ஸ், பருப்பு, பால், பால்பவுடர், முட்டை, காய்கறி, பழம், சமையல் எண்ணெய் (ஆலிவ் எண்ணெய் இதில் சேராது), டின்னில் வரும் பில்சார்ட் (மத்தி வகை) மீன். 2019 ஏப்ரலில் கேக் மாவையும் வெள்ளை பிரெட் மாவையும் சானிட்டரி பேடையும் சேர்த்தார்கள்.

வெள்ளை பிரெட்டுக்கு வரி உண்டு, பிரவுனுக்கு இல்லை. டின்னில் அடைத்த பீன்ஸுக்கு உண்டு, காய்ந்த பீன்ஸுக்கு இல்லை. கோழிக்கு உண்டு, முட்டைக்கு இல்லை. மசாலாத் தூளுக்கும் உண்டு. பில்லின் அடியில் வாட் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். போன மாதப் பில்களை எடுத்து அந்த ஒரு தொகையை மட்டும் கூட்டிப் பாருங்கள். என் வீட்டில் முதன்முறை கூட்டியபோது 340 ரேண்ட் வந்தது. அதில் பாதிக்கு மேல் குளிர்பானம், சிப்ஸ், ஃப்ரோசன் பலகாரம். பிள்ளைகளின் தட்டில் எதையும் குறைக்காமலேயே அடுத்த மாதம் அது 190க்கு வந்தது.

வரி இல்லை என்பதாலேயே ஒரு பொருள் மலிவு ஆகிவிடாது. அலமாரியில் கிலோ விலை என்ன என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 500 கிராம் பொட்டலத்தின் விலையை இரண்டால் பெருக்கிப் பார்த்தால் பல நேரம் அதிர்ச்சியாக இருக்கும்.

---

சீட்டுக்காரி (வெருலம்)

டின் மீன்னு சொன்னதும் எனக்குப் பசிக்குது. 400 கிராம் டின் ஒண்ணு, கத்தரிக்காய், தக்காளி, கொஞ்சம் புளி போட்டுக் குழம்பு வச்சா அஞ்சு பேருக்கு ராத்திரி தாராளம்.

நான் சொல்றது ஸ்டொக்வெல். ஊர்ல சீட்டுன்னு சொல்றோமே, அதுக்கு இங்கத்திய பேரு. எங்க தெருவுல பத்துப் பேர், நாலு தமிழ் வீடு, ஆறு ஜுலு வீடு. பிப்ரவரியிலேர்ந்து நவம்பர் வரைக்கும் ஆளுக்கு மாசம் 300. பத்து மாசத்துல 30,000 சேருது. நவம்பர் கடைசியில மொத்தக்கடைக்கு பேக்கி (பின்னாடி சாமான் ஏத்தற சின்ன வண்டி) எடுத்துட்டுப் போய் அரிசி, எண்ணெய், சர்க்கரை, மாவு, சோப்புத்தூள் எல்லாம் மூட்டையா எடுத்து, எங்க வீட்டு முற்றத்துல பத்தா பிரிப்போம். டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசமும் கடைக்கே போக வேண்டியதில்லை. அந்தச் சமயம்தான் யூனிஃபார்ம், ஷூ, நோட்டுன்னு பணம் பறக்கும். அப்போ கடன் வாங்காம இருக்கேனே, அதுதான் எனக்கு லாபம்.

---

லெனேசியா வாசி

அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு மொத்தமாக வாங்குவதில் நம்பிக்கை இல்லை. போன வருடம் 25 கிலோ மாவு வாங்கி, பாதியை வண்டு அரித்துக் கொட்டினேன். வீட்டில் அதிகமாக இருக்கிறது என்று தெரிந்தால் சமைக்கிறவர் கையும் தாராளமாகிவிடுகிறது. கருவேப்பிலை வீட்டில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் சம்பளம். மாதம் 300ஐ எடுத்து நவம்பர் வரை கட்டிப் போடு என்று சொல்வது சரியா?

---

சீட்டுக்காரி

கோபம் எதுக்கு தம்பி? வண்டு வராம இருக்க மாவைப் பையோட மூணு நாலு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுக்கணும், முட்டை செத்துடும். அப்புறம் ஈரம் போனதும் மூடி இறுகின வாளியில கொட்டி வை. டர்பன் ஈரக்காத்துல மூட்டையைத் திறந்து மூலையில சாய்ச்சு வச்சா வண்டு வரத்தான் செய்யும்.

ஆனா நீ சொன்ன ரெண்டாவது நியாயம் சரி. இந்த வருஷம் அவ சேர வேண்டாம். சம்பளம் நிலைச்சப்புறம் சேரட்டும். சேர்ந்தாலும் ஒண்ணு பார்த்துக்கணும்: பணம் ஒரு ஆள் கையில இருக்கக் கூடாது. பேங்க்ல ஸ்டொக்வெல்லுக்குன்னே கணக்குத் திறக்கலாம். எங்களுதுல மூணு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வெளியே வரும். நான் தலைவி, நான் தனியாப் போனா ஒரு சென்ட் எடுக்க முடியாது. நம்பிக்கையானவதான், எதுக்குக் கையெழுத்துன்னு யாராவது சொன்னா அந்தச் சீட்டுல சேராதே.

---

வெண்தாமரை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நான் அரசு கிளினிக்கில் நர்ஸ். கருவேப்பிலை, அத்தைக்கு பிரஷர், சர்க்கரை மாத்திரை உண்டா? உண்டென்றால் மாதாமாதம் எவ்வளவு ஆகிறது?

---

கருவேப்பிலை

எல்லாருக்கும் நன்றிங்க. படிக்கப் படிக்க அழுகையா வந்துச்சு, சந்தோஷத்துல.

மின்கம்பி அண்ணா, மூணு எண்ணு இதோ. ராத்திரி 10 மணிக்கு 31.2. காலை 5 மணிக்கு 29.0. எல்லாரும் குளிச்சப்புறம் 9 மணிக்கு 18.4. நாலு மணி நேரத்துல பத்து யூனிட்டுக்கு மேல! ஷவர் அடியில வாளி வச்சேன், ஒரு நிமிஷம் ஆகறதுக்குள்ள 16 லிட்டர் வாளி வழிஞ்சிடுச்சு.

வெண்தாமரை அக்கா, அத்தைக்கு ரெண்டும் இருக்கு. மருந்துக்கடையில மாசம் 480 ரேண்ட்.

---

வெண்தாமரை

480 ரேண்ட் அவசியமே இல்லை, கருவேப்பிலை. அரசு கிளினிக்கில் இந்த இரண்டு நோய்க்கும் பார்வையும் மாத்திரையும் இலவசம். அத்தையின் அடையாளப் புத்தகம், இப்போது சாப்பிடும் மாத்திரைப் பெட்டிகள், டாக்டர் எழுதிய பழைய சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் காலையில் நேரத்தோடு போக வேண்டும், வரிசை இருக்கும், அதை மறைக்க மாட்டேன். சில தடவை வந்து, அளவுகள் கட்டுக்குள் இருப்பது தெரிந்துவிட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மருந்துக்கடையிலேயே பொட்டலமாக எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் வரிசையே இல்லை. சேரும்வரை இருக்கிற மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பாதி பாதியாக உடைத்துக் கொடுத்து மிச்சம் பிடிக்கவும் கூடாது. அப்படிச் செய்து பக்கவாதத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தனியார் கடையில் வாங்கியே ஆக வேண்டிய மருந்தானால் ஜெனரிக் கேளுங்கள். 2003லிருந்து, மாற்று மலிவு மருந்து இருந்தால் பார்மசிஸ்ட் அதை நமக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கம்பெனி விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். கடைக்காரர் மேலே சேர்க்கும் கட்டணம் மட்டும் கடைக்குக் கடை மாறும்.

பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளி என்றால் இன்னொன்றும் உண்டு. 1996 பள்ளிச் சட்டப்படி, வருமானம் குறைந்த பெற்றோர் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி ஆபீஸில் ஃபாரம் கேளுங்கள். அவர் ஷிஃப்ட் குறைந்ததற்கு ஃபேக்டரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். கட்டணம் பாக்கி என்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

---

கருவேப்பிலை

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் தென்காசியிலேர்ந்து கல்யாணமாகி வந்து ஏழு வருஷம் ஆகுது, கிளினிக்னா நமக்கு இல்லைன்னு நினைச்சிருந்தேன்.

இன்னைக்கு அவரோட பேங்க் ஸ்டேட்மெண்டை உக்காந்து பார்த்தேன். மாசம் 1ஆம் தேதி சம்பளம் விழுந்ததும் ஒம்பது டெபிட் ஆர்டர் ஓடுது, கணக்குலேர்ந்து தானாப் பிடிச்சுக்கறாங்க. கடனுக்குத் துணி வாங்கற கடைக் கணக்கு ரெண்டு. அதுல ஒண்ணுல மாசா மாசம் ஏதோ கிளப் கட்டணம், அதுக்கு மேல ஒரு இன்ஷூரன்ஸ். நாங்க கேட்டதும் இல்லை, கையெழுத்துப் போட்டதா ஞாபகமும் இல்லை. போன் பண்ணினா நாப்பது நிமிஷம் காத்திருக்க வச்சு, பழைய ஃபாரம்ல டிக் பண்ணியிருக்கீங்கன்னு சொல்றாங்க. மூணு வருஷமாப் போயிருக்கு!

அதை விடப் பெரிசு, சாவுப் பாலிசி மூணு, அதாவது ஈமக்காரியச் செலவுக்கான இன்ஷூரன்ஸ். மூணுலயும் அத்தை பேர். ஒண்ணு மாமா இருக்கும்போதே எடுத்தது, 14 வருஷமாச்சு. மத்த ரெண்டும் வாசல்ல வந்து வித்தவங்ககிட்ட எடுத்தது. மாசம் மொத்தம் 610 ரேண்ட். நிறுத்தலாமான்னு மெதுவாக் கேட்டேன். அத்தை ஒண்ணும் பேசலை, எழுந்து ரூமுக்குள்ள போயிட்டாங்க. அவர் என்னை முறைச்சார். நான் கேட்டது தப்பா?

---

மின்கம்பி

தப்பே இல்லை. ஒரே ஆளுக்கு மூணு பாலிசி எதுக்கு? மூணையும் நிறுத்திட்டு அந்த 610ஐ பேங்க்ல போட்டா ஒரு வருஷத்துல 7,320.

---

மடும்பித் தோட்டம்

மின்கம்பி, நீ கணக்குச் சொன்னே, சரி. எனக்கும் ரெண்டு பாலிசி இருக்கு, எதுக்குன்னு நான் சொல்றேன், கேளு. எங்க தாத்தா செத்தப்போ பெட்டி வாங்கக் காசில்லாம தோட்டத்துப் பலகையில செஞ்சு எடுத்துட்டுப் போனாங்கன்னு எங்க அம்மா சாகற வரைக்கும் சொல்லி அழுவாங்க. பதினாறு நாள் காரியம், வந்தவங்களுக்குச் சாப்பாடு, டெண்ட், எதுக்கும் பிள்ளைங்க யார்கிட்டயும் கை நீட்டக் கூடாதுன்னுதான் எங்க தலைமுறை ஆம்பளை பொம்பளை எல்லாரும் இதைக் கட்டறோம். கண்ணு, அத்தை கோவிச்சுக்கலை. நான் செத்தா என்னை எப்படி எடுப்பாங்கன்னு பயந்துட்டாங்க.

---

லெனேசியா வாசி

அம்மா சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். நடைமுறைக்கு ஒன்று: அந்த 14 வருடப் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். புதிதாக எடுத்தால் இயற்கை மரணத்துக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை காத்திருப்புக் காலம் வைப்பார்கள், வயதுக்கு ஏற்ப சந்தாவும் ஏறும். மூன்று பாலிசிக் காகிதங்களையும் அத்தை முன்னாலேயே விரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தரும், எத்தனை நாளில் தரும், யாருக்குத் தரும் என்று அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஒன்றே ஒரு காரியத்துக்குப் போதும் என்று தொகையைக் கண்ணால் பார்த்தபின் அவரே முடிவு சொல்லட்டும்.

நிறுத்துவதை எழுத்தில் கேளுங்கள், ரத்தானதற்கு அவர்களிடமிருந்தும் எழுத்தில் வாங்குங்கள். டெபிட் ஆர்டரை மட்டும் பேங்கில் தடுத்துவிட்டு விட்டால் பாக்கி என்று கணக்கில் நிற்கக்கூடும். துணிக்கடை கிளப்புக்கும் இதேதான்: கணக்கை மூடாமலேயே கிளப்பையும் இன்ஷூரன்ஸையும் தனியாக எடுக்கச் சொல்லலாம். போனில் பேசினாலும் தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

---

மின்கம்பி

அம்மா, மன்னிச்சுக்குங்க. மூணையும் நிறுத்தச் சொன்னது தப்பு. எங்க அம்மா முகம்தான் ஞாபகம் வருது.

---

சீட்டுக்காரி

சின்ன விஷயம் ரெண்டு. காய்கறிக்கு சூப்பர்மார்க்கெட் போகாதே. சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட், இல்லைன்னா டவுனுக்குப் போற அன்னைக்கு வாரிக்ல ஏர்லி மார்னிங் மார்க்கெட். கீரைக் கட்டு, கொத்தமல்லி, பச்சைமிளகாய் எல்லாம் கை நிறைய எடுத்துட்டு வரலாம். சனிக்கிழமை கடை கட்டற நேரத்துல போனா தக்காளியைப் பெட்டியோட தள்ளி விடுவாங்க.

இன்னொண்ணு தண்ணி. டாய்லெட் தொட்டியில கொஞ்சம் கேசரிப்பவுடர் கலந்து விட்டு அரை மணி நேரம் யாரும் போகாம இருங்க. கீழே கிண்ணத்துல நிறம் இறங்கியிருந்தா வாஷர் போயிருக்கு. டர்பன்ல தண்ணி கூடக் கூட லிட்டருக்கு விலையும் படிப்படியா ஏறும், அதனால ஒழுகற தண்ணிதான் பில்லுலயே விலை அதிகமான தண்ணி.

---

கருவேப்பிலை (ஐந்து வாரம் கழித்து)

எல்லாம் எப்படி ஆச்சுன்னு சொல்லத் திரும்ப வந்தேன்.

ஷவர் தலையை மாத்தியாச்சு. அவரும் நானும் வாளிக்கு மாறிட்டோம். மின்கம்பி அண்ணா தெரிஞ்ச பையன் ஒருத்தர் வந்து பார்த்தார், தெர்மோஸ்டாட் 70ல இருந்துச்சு, 60க்கு இறக்கி, போர்வையும் சுத்திட்டார். ஒரு நாளைக்கு 16 யூனிட் போனது இப்போ ஒம்பதுக்குப் பக்கத்துல நிக்குது. மாசக் கணக்குல 600 ரேண்டுக்கு மேல. பெரியவன்தான் மீட்டர் பொறுப்பு. கணக்கு நோட்டுக் கடைசிப் பக்கத்துல கோடு போட்டு தினமும் ரெண்டு வேளை எழுதறான். சின்னவ அதிக நேரம் குளிச்சா கதவைத் தட்டறான்.

அத்தையைக் கூட்டிட்டு கிளினிக் போனேன். முதல் நாள் அஞ்சு மணி நேரம் ஆச்சு. ஆனா மாத்திரை கையில வந்துச்சு, ஒரு சென்ட் கொடுக்கலை.

பாலிசிக் காகிதத்தை நான் படிக்கலை. அவர் படிச்சார், நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். மாமா எடுத்ததுல எவ்வளவுன்னு சொன்னதும் அத்தை அந்தக் காகிதத்தை வாங்கி, மாமா கையெழுத்து மேல ரொம்ப நேரம் விரலை வச்சிருந்தாங்க. அப்புறம் அவங்களே, இது போதும், மத்ததை விடுங்கன்னு சொன்னாங்க. ரெண்டும் ரத்தாயிடுச்சு, கடிதம் வந்துடுச்சு. துணிக்கடை கிளப்பும் எடுத்தாச்சு. பழைய மூணு வருஷக் காசைத் தர மாட்டோம்னுதான் சொல்றாங்க, அதுக்கு இன்னும் எழுதிட்டிருக்கேன். பள்ளிக்கூட ஃபாரம் கொடுத்திருக்கேன், பதில் வரணும்.

தயிர் வீட்டுலயே உறை ஊத்தறேன். சின்னவ கடைத் தயிரை விட இதுதான் நல்லா இருக்குன்னு சொல்றா.

மடும்பி அம்மா, பெட்டியில மீலி ரைஸ் கஞ்சி வச்சுப் பார்த்தேன், அடியில கட்டி கட்டியா நிக்குது. என்ன தப்பு பண்றேன்?

---

மடும்பித் தோட்டம்

கொதிக்கிற தண்ணியில மெதுவாத் தூவிக் கிளறிக்கிட்டே இருந்து, கெட்டியாக ஆரம்பிச்சதும் இறக்கணும் கண்ணு. நீ பச்சைத் தண்ணியிலயே போட்டுக் கொதிக்க வச்சிருப்பே. தண்ணியும் ஒரு டம்ளர் கூட ஊத்து, பெட்டியில ஆவியாப் போகாதுன்னு நினைச்சுக் குறைச்சா கஞ்சி இறுகிடும்.

வர்ற ஞாயிறு காலையில மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வரேன். உனக்கு மடும்பிக் கிழங்கு (ஊர்ல சேப்பங்கிழங்கும்பாங்க) முளைவிட்டது ஒரு பை, மிளகாய் நாத்து ஆறு எடுத்து வச்சிருக்கேன். கொடிமரத்துக்குப் பக்கத்துல நிப்பேன், பச்சைப் புடவை. அத்தையையும் கூட்டிட்டு வா.

---

கருவேப்பிலை

எட்டு மணிக்கெல்லாம் வந்துடறோம் அம்மா. அத்தை இப்பவே என்ன புடவை கட்டறதுன்னு கேட்டுட்டாங்க. நாத்துக்கு ஈரச்சாக்கு நான் எடுத்துட்டு வரேன்.